தாளம் போட்ட முயல்குட்டி

புங்கமரக் குளத்தின் கரையில் வெள்ளச்சி என்றொரு முயல் இருந்தது. அதற்கு ஒரே குட்டி. பெயர் மொட்டு.

மொட்டுவின் காதில் ஏதாவது ஓசை விழுந்தால் கால் சும்மா இருக்காது. இலையில் மழை சொட்டினால் போதும், பின்னங்காலால் தரையைத் தட்டித் தாளம் போடும். இதற்கு நல்ல பாட்டுக் கேட்கக் கொடுத்துவைக்க வேண்டுமே என்று தாய்க்கு ஏக்கம். குளத்தில் நல்ல பாட்டுக்கு எங்கே போவது? தவளைகள் தொண்டை கிழியக் கத்தும். காகங்கள் கூடினால் சண்டைதான். மூங்கில் காட்டில் காற்று அருமையாகப் பாடுகிறது என்றார்கள். குட்டியைக் கூட்டிக்கொண்டு போன அன்று பார்த்துக் காற்றே இல்லை.

அப்போதுதான் மலையிலிருந்து குண்டுகரிச்சான் பறவை பாட வருகிறது என்ற சேதி வந்தது. வெள்ளச்சிக்குத் தலைகால் புரியவில்லை. குட்டியின் முகத்தை நக்கித் துடைத்து, மாலை வெயிலிலேயே கிளம்பிவிட்டது.

கச்சேரியை நடத்தியது நரி. வாசலில் நின்று மொட்டுவை மேலும் கீழும் பார்த்தது.

"குட்டிய வேற தூக்கிட்டு வந்துட்டியா! நடுவுல அழுதா யாரு பதில் சொல்றது?"

"அழாதுங்கய்யா! பாட்டுன்னா இதுக்கு உசுரு!"

"இங்க வர்றவங்க எல்லாம் பெரிய ரசிகருங்க! சின்னச் சத்தம் வந்தாலும் ரெண்டு பேரும் வெளியதான்! போய்க் கடைசி வரிசையில உக்காரு!"

முன்வரிசையில் அந்தப் பெரிய ரசிகர்கள் இருந்தார்கள். கொக்கு ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றது. ஊர் அதை ரசனை என்றது, அது தூக்கம். எருமை ஈ விரட்டத் தலையை ஆட்டியது. அதுவும் ரசனைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மயில் வந்தது தோகையைக் காட்டுவதற்கு.

வழக்கமாக மரங்கொத்திதான் தாளம் கொட்டும். நரியோ தனக்கு வேண்டப்பட்ட ஆமையை மேடையேற்றியிருந்தது. ஆமை ஒரு காலைத் தூக்கித் தன் ஓட்டைத் தானே தட்டியது. ஒவ்வொரு அடியும் பாட்டு போன பிறகுதான் வந்து சேர்ந்தது.

குண்டுகரிச்சான் பாடத் தொடங்கியது. மொட்டுவின் காதுகள் நிமிர்ந்தன. கால் தானாக எழுந்தது. தட், தட், தக தட்! ஓர் அடிகூடப் பிசகவில்லை. பாடுகிற பறவை ஆமையை விட்டுவிட்டு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பாட்டு உயர உயரப் போனது.

வெள்ளச்சி இதைக் கவனிக்கவே இல்லை. அது முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

தூக்கம் கலைந்த கொக்கு சட்டென்று திரும்பியது. "யாரது? இது கச்சேரியா, சந்தைக்கடையா!"

"குட்டிய அடக்கத் தெரியாததெல்லாம் எதுக்கு இங்க வருதோ!" என்றது எருமை.

வெள்ளச்சிக்கு மானமே போனது போல் ஆகிவிட்டது. குட்டியின் காலைத் தன் காலால் மிதித்து அழுத்தியது.

"அம்மா, தாளம்மா..."

"வாய மூடு! எல்லாரும் பாக்குறாங்க!"

மொட்டு மறுகாலால் தட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை. காலை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். வெள்ளச்சி அதன் காதைப் பிடித்துத் திருகியது.

"இன்னொரு தடவ தட்டினே, உன்ன நரி மாமாகிட்ட விட்டுட்டுப் போயிடுவேன்!"

ஒரு முயல் தன் குட்டியிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனால் சொல்லிவிட்டது. மொட்டு இரண்டு கால்களையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் உடம்பு மட்டும் தாளத்துக்கு அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

மேடையில் பாட்டு தடுமாறியது. ஆமையின் தட்டலில் மாட்டித் திணறி, பாதியிலேயே முடிந்தது. முன்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்! பிரமாதம்!" என்று கூத்தாடியது.

குண்டுகரிச்சான் நேரே கடைசி வரிசைக்குப் பறந்து வந்தது. "இங்கேருந்து தாளம் போட்டது யாரு?"

வெள்ளச்சி பதறியது. "மன்னிச்சிடுங்கய்யா! சின்னது, தெரியாமப் பண்ணிடுச்சு! உடனே அடக்கிட்டேன்!"

"அடக்கிட்டியா! அடப் பாவமே! அந்தத் தாளத்த நம்பித்தானே பாடினேன்! இத்தன கூட்டத்துல என் பாட்டக் கேட்டது அது ஒண்ணுதாம்மா!"

கொக்கு குறுக்கே கழுத்தை நீட்டியது. "நானும் அப்பவே நினைச்சேன்! குட்டிக்கு என்ன ஞானம்!" அதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"கண்ணு, நான் ஒரு வரி பாடுறேன். நீ போடு," என்றது பறவை. பாடியது. மொட்டுவின் கால் வெளியே வரவில்லை.

"போடு கண்ணு! அம்மா திட்டமாட்டேன்!" வெள்ளச்சி கெஞ்சியது.

மொட்டு அம்மாவைப் பார்த்தது. நரியைப் பார்த்தது.

"வேணாம்மா. நான் சமத்தா இருக்கேன்."

பறவை இன்னும் இரண்டு வரி பாடிப் பார்த்தது. பிறகு மலைக்குப் பறந்துவிட்டது.

அதன்பின் வெள்ளச்சி காடு மேடெல்லாம் அலைந்து, ஒரு கச்சேரி விடாமல் குட்டியைக் கூட்டிப் போனது. மொட்டு வைத்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். "எப்பம்மா முடியும்?" என்று மட்டும் கேட்கும்.

ஒரு நாள் நரியே எதிரே வந்து இளித்தது. "குட்டின்னா இப்படியில்ல இருக்கணும்! இனிமே நீங்க முன்வரிசையிலயே உக்காருங்க!"

வெள்ளச்சி போய் உட்கார்ந்தது. பாட்டு தொடங்கியதும் அதன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பாட்டில் உருகி அழுகிறது என்று எருமை மெச்சிக்கொண்டது.

ஊரார் முகம் சுளிப்பார்களே என்று பெற்ற பிள்ளையின் ஆசையை மிதித்து நசுக்கியவரால் பிறகு எத்தனை கெஞ்சினாலும் அதை மீண்டும் எழுப்ப முடியாது.