முன்வரிசை

பவளக்கொடி அந்தப் பள்ளியின் தையல் டீச்சர். ஐம்பத்திரண்டு வயதில் சலங்கை கட்டிக்கொண்டு நடனம் கற்க வந்தவள். கற்றுக்கொடுத்த நடன டீச்சர் எஸ்தருக்கு வயது இருபத்தெட்டு. ஊர் சிரித்தது. பவளக்கொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஸ்தரை “மாஸ்டர்” என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு எஸ்தர் பன்னிரண்டு சிறுமிகளைப் பழக்கியிருந்தாள். முன்வரிசையில் ஆடியவர்களில் நாலு பேர் செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். மேடை அலங்காரம் பவளக்கொடியின் பொறுப்பு. பள்ளி ஒதுக்கிய பணம் மைக்செட்டோடு தீர்ந்துபோனது.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ரைஸ்மில் தணிகாசலம் அனுப்பிய டெம்போ வந்து நின்றது. பூ வளைவு, சீரியல் பல்பு, பட்டுத் திரை. தலைமையாசிரியர் பவளக்கொடியைத் தனியே கூப்பிட்டார்.

“எல்லாம் இனாம் டீச்சர். ஒரே ஒரு விஷயம். செங்கல் சூளைப் பிள்ளைங்க நாலு பேரையும் பின்வரிசைக்கு மாத்திடுங்க. போட்டோ பளிச்சுனு வரணும்னு அவர் சொல்றார்.”

பவளக்கொடிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பட்டுத் திரையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு எஸ்தரைத் தேடிப் போனாள். மைதானத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஒரு வரிசைதானே மாஸ்டர்? இதை விட்டா மேடைக்கு நம்மகிட்ட வேற என்ன இருக்கு?”

எஸ்தர் வாதம் பண்ணவில்லை. கையைத் தட்டி ஆட்டத்தை நிறுத்தினாள். முன்வரிசை நடுவில் நின்ற சூளைச் சிறுமி கன்னியம்மாவைக் கூப்பிட்டாள்.

“டீச்சர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

சிறுமி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன டீச்சர்?”

பவளக்கொடி எஸ்தரைத் திரும்பிப் பார்த்தாள். எஸ்தர் அவளுக்கு உதவிக்கு வரவில்லை.

“ஒண்ணுமில்ல கண்ணு. போய் ஆடு.”

திரும்பி விறுவிறுவென்று டெம்போவுக்கு நடந்தாள். வளைவின் ஒரு முனையை அவளே தூக்கினாள்.

“ஏத்துப்பா.”

டிரைவர் விழித்தான். “இப்பதானேம்மா இறக்கினேன்?”

“தெரியும். ஏத்து.”

தலைமையாசிரியர் ஓடி வந்தார். “என்ன டீச்சர் இது? மொட்டை மேடையிலயா ஆடப்போறீங்க?”

“ஆடுவோம் சார்.”

சொல்லிவிட்டாள். பட்டுத் திரையையும் மடித்து டெம்போவில் வைத்தாள்.

மறுநாள், மேடைக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, எஸ்தர் அவளைச் சூளைக்கு அழைத்துப் போனாள். கன்னியம்மாவின் தாய் காசியம்மா ஒரு குவியலைக் காட்டினாள்.

“கழிச்ச கல்லும்மா. உடைஞ்சது, அதிகமா வெந்து கறுத்தது. யாரும் வாங்க மாட்டாங்க. சூளை முதலாளியைக் கேட்டுட்டேன். எடுத்துக்கச் சொல்லிட்டாரு.”

அன்று சாயங்காலம் சூளை ஆட்களே கல்லைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மேடையின் முன் விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு, ஒரு கல் விட்டு ஒரு கல்லாக, சந்து சந்தாகச் சுவர் அடுக்கினார்கள். பவளக்கொடி தையல் வகுப்பில் மிஞ்சிய வெட்டுத் துணிகளையெல்லாம் கோத்துத் தோரணம் தைத்தாள். சுவருக்குப் பின்னால் தரையில் நாலு மஞ்சள் பல்புகளை வைத்தார்கள். கல் அடுக்கும்போதே பவளக்கொடி கேட்டாள்.

“கறுத்த கல்லையெல்லாம் அடியில போட்டுடலாமா மாஸ்டர்? கண்ணுக்குத் தெரியாம இருக்கும்.”

எஸ்தர் அவளைப் பார்த்தாள். ஒரு கறுத்த கல்லை எடுத்து மேல் வரிசையின் நடுவில் வைத்தாள். பவளக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த கறுத்த கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

விழா அன்று பொழுது சாயும் நேரம் பல்புகள் எரிந்தன. சந்துகள் வழியே வெளிச்சம் வெளியே கசிந்தது. உள்பக்கம் சிறுமிகளின் பாதங்களில் விழுந்தது. கூட்டத்தின் சலசலப்பு அடங்கியது. நாலு சூளைப் பிள்ளைகளும் முன்வரிசையில் நின்றார்கள். கன்னியம்மா முதல் அடி வைத்தாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது தணிகாசலம் எழுந்து வெளியே போனார். அவர் போனதைக் கூட்டம் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் விசில் பறந்தது. காசியம்மா எழுந்து நின்று கை தட்டினாள்.

தலைமையாசிரியர் மட்டும் முகம் சிவந்து மேடைக்குப் பின்னால் வந்தார்.

“சந்தோஷமா? இனிமே அந்த மனுஷன் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல்புகூடத் தர மாட்டார். அடுத்த வருஷத்தை நீங்களே பாத்துக்குங்க.”

அவர் போன பிறகு பவளக்கொடி படியில் உட்கார்ந்தாள்.

“அடுத்த வருஷம் என்ன செய்யறது மாஸ்டர்?”

எஸ்தர் சிறுமிகளின் சலங்கைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“சூளையிலேருந்து இன்னும் எட்டுப் பிள்ளைங்க ஆட வரேன்னு சொல்லியிருக்காங்க டீச்சர். முன்வரிசையை நீளமாக்கணும்.”