அக்கரைக்குப் போன கடலை

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, உப்பு மட்டும் இல்லை. நல்ல செம்மண் இருந்தது, நாவல் மரம் இருந்தது, வாய் ஓயாத கிளிகள்கூட இருந்தன. உப்பு? மருந்துக்கும் கிடையாது.

உப்புப் பாறை இருந்தது பெரிய ஆற்றுக்கு அக்கரையில், மந்திகளின் காட்டில். அதனால் இக்கரை விலங்குகள் கடலை பயிரிட்டன. மாதம் ஒருமுறை ஆமையின் முதுகில் மூட்டையை ஏற்றி, நான்கு நாள் ஆற்றில் மிதந்துபோய், அக்கரைச் சந்தையில் கடலையைக் கொடுத்து உப்புக்கட்டி வாங்கி வந்தன.

முள்ளம்பன்றி மாடசாமி நல்ல உழைப்பாளி. அதற்கு மூன்று குட்டிகள். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் அவை துவண்டுபோய், கண்ட கல்லையெல்லாம் நக்கிக்கொண்டிருக்கும். பாவம், பார்க்கவே மனசு வலிக்கும்.

ஒரு மாதம் மாடசாமி சந்தைக்குப் போனபோது புதிதாக ஒரு கூட்டம் கடை விரித்திருந்தது. கீழ்க்காட்டு எலிகள்! அவற்றின் சிங்கராஜா விதை, தண்ணீர் எல்லாவற்றையும் இனாமாகக் கொடுப்பாராம்.

"ஒரு கட்டி உப்புக்கு ஒண்ணேகால் கல் எடை கடலை! வாங்க, வாங்க!" என்று எலிகள் கூவின.

மாடசாமியால் ஒரு கல் எடைதான் கொடுக்க முடியும். அதற்குமேல் கொடுத்தால் வீட்டில் விதைக்குக்கூட மிஞ்சாது.

"ஒண்ணேகால் கல் எடை தர்றவங்க இருக்கும்போது உன்கிட்ட எதுக்குப்பா வாங்கணும்?" என்று கேட்டது மந்திகளின் தலைவி செங்கமலம். அது கேட்டதிலும் தப்பில்லையே! மாடசாமி மூட்டையோடு திரும்பியது.

"அப்பா, உப்பு?" என்று குட்டிகள் ஓடி வந்தன.

"அடுத்த மாசம், கண்ணுங்களா." மாடசாமி மூட்டையை மூலையில் இறக்கி வைத்தது.

அடுத்த சந்தைக்குக் கிளம்பும் நாள். மாடசாமி கடலை மூட்டையில் தண்ணீர் தெளிப்பதைப் பக்கத்து மரத்து அணில் பவளம் பார்த்துவிட்டது.

"ஐயையோ! என்ன அண்ணே இது?"

"ஈரமானா எடை கூடும். நானும் ஒண்ணேகால் கல் எடை தருவேன்ல?"

"கெட்டுப்போயிடுமே!"

"அட, போ பவளம்! வீட்டுல கடலை உரிக்கிறதுக்கு முன்னாடி தினமும் தண்ணி தெளிக்கத்தானே செய்றோம்? யாருக்கு என்ன ஆச்சு?"

வாஸ்தவம்தான். உரிக்கும்போது பருப்பு உடையாமலிருக்க இப்படித் தெளிப்பது அந்தக் காட்டு வழக்கம். ஆனால் வீட்டுக் கடலை அன்றைக்கே வயிற்றுக்குள் போய்விடும். நான்கு நாள் மூட்டைக்குள் புழுங்கிக் கிடக்காது. இது நம் மாடசாமியின் மண்டையில் ஏறவில்லை.

கடலை விற்றது. உப்பு வந்தது. குட்டிகள் துள்ளிக் குதித்தன.

அதற்கடுத்த மாதம் மாடசாமியும் பவளமும் மூட்டைகளோடு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது, செங்கமலம் துறையிலேயே வழிமறித்து நின்றது.

"இக்கரைக் கடலை இனிமே இங்கே இறங்கக் கூடாது! போன தடவை வாங்கினதுல உள்ளே பூஞ்சை. எங்க குட்டிங்க ரெண்டு நாளா வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாங்க!"

"அக்கா, என் கடலை வெயில்ல காய்ஞ்சது!" என்று கதறியது பவளம்.

"உன்னுது எது, அடுத்தவங்களுது எதுன்னு நாங்க எதைக் கண்டோம்? எல்லாம் ஒரே கரைதானே!"

பவளம் விம்மி விம்மி அழுதது. தான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் குட்டு வெளிப்படாது என்று மாடசாமிக்குத் தெரியும். ஆனால் காடு முழுக்க உப்பில்லாமல் போகுமே! அது செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, தண்ணி தெளிச்சது நான்தான். புத்தி கெட்டுப்போய்ச் செஞ்சிட்டேன். இந்த மூட்டையிலயும் தெளிச்சிருக்கேன். பவளத்தைத் தண்டிக்காதீங்க. ஒவ்வொரு கடலையா எடுத்துக் காதுகிட்ட குலுக்கிப் பாருங்க. காய்ஞ்சிருந்தா உள்ளே பருப்பு கலகலங்கும். ஈரமிருந்தா சத்தமே வராது."

செங்கமலம் பவளத்தின் கடலையைக் குலுக்கியது. கலகல! மாடசாமியின் கடலையைக் குலுக்கியது. சத்தமே இல்லை. பிறகு ஏதோ தோன்றியதுபோல நேரே எலிகளின் கடைக்குப் போய் அங்கேயும் ஒன்றை எடுத்துக் குலுக்கியது. மூச்!

"நாங்கதான் விலையைக் குறைச்சுத் தர்றோமே!" என்று எலிகள் குதித்தன.

"வைத்தியருக்கு யார் தர்றது? உங்கப்பனா?" என்றது செங்கமலம்.

அன்றைக்குப் பவளத்தின் கடலை முழுவதும் பழைய விலைக்கே விற்றுத் தீர்ந்தது. மாடசாமி தன் மூட்டையைத் துறையோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, வெறுங்கையோடு ஆமை மேல் ஏறியது. பவளம் தன் உப்புக்கட்டியில் பாதியை உடைத்து மாடசாமியின் மடியில் வைத்தது.

மறு மாதம் மாடசாமி கடலையை நாள் கணக்கில் வெயிலில் உலர்த்தி, குட்டிகளை உட்காரவைத்து ஒவ்வொன்றையும் குலுக்கச் சொல்லி, அப்புறம்தான் மூட்டை கட்டியது. அக்கரையில் செங்கமலம் ஒரு கடலையை எடுத்துத் தன் குட்டியின் காதருகே குலுக்கியது. கலகல! மந்திக்குட்டி சிரித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் கை நீட்டியது.

செங்கமலம் தராசைத் தேடவில்லை. முதலில் உப்புக்கட்டியை எடுத்து மாடசாமியின் முன்னால் வைத்தது.

நீதி: விலையைக் குறைத்தால் ஒருமுறை வாங்குவார்கள், நம்பிக்கையைக் காத்தால்தான் மறுமுறையும் வாங்குவார்கள்.