குழலை அறுக்க வந்தவர்

“குழலை எவ்வளவு அறுக்கலாம், தாயி?”

காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் தூக்கி வந்தவரைப் போல, அணைந்தபெருமாள் துப்பாக்கியை இரு கைகளிலும் ஏந்தி நின்றார்.

துப்பாக்கிப் பட்டறைக்காரி மீராம்பீவி அரத்தைக் கீழே வைத்தாள்.

“அறுத்தா ஒட்ட முடியாது அண்ணாச்சி.”

“தெரியும்.”

வயதில் அவர் மூத்தவர். துப்பாக்கி விஷயத்தில் அவள்தான் குரு. குறி பார்க்கவும், மூச்சை அடக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடாமல் வீடு திரும்பவும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அது எந்த நாடு, எந்தச் சட்டம் என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. அந்த மலையில் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். துப்பாக்கிக்குச் சைலன்சரும் மாட்டலாம். கதைக்குள் சட்டம் கொஞ்சம் தாராளமானது.

“சைலன்சர் மாட்டுனதுல இருந்து நீளம் தாங்கல. உண்ணிப் புதருக்குள்ள திரும்ப முடியல. ஒரு சாண் போனாக் கைக்கு அடக்கமா இருக்கும்.”

“ஒரு சாண் போனா, வெடிமருந்து எரிஞ்சு முடியுததுக்குள்ள குண்டு வெளிய வந்துரும். மிச்ச நெருப்பு அத்தனையும் சைலன்சர் தலையில. சத்தம் கூடும். வேகம் குறையும்.”

“அதான் குழப்பமே. வேட்டைக்கு வாற மேலூர்க்காரர் நீளக் குழல்தான் சரிங்காரு. எஸ்டேட்காரர் கட்டைக் குழல்தான் சரிங்காரு. ரெண்டு பேரும் புத்தகம் காட்டுதாங்க.”

குழல் நீளச் சண்டை வடகலை தென்கலைச் சண்டைக்குச் சற்றும் இளைத்ததல்ல. இரண்டிலும் ஆதாரங்கள் ஏராளம். இரண்டிலும் யாரும் கட்சி மாறியதில்லை.

“நீளமோ கட்டையோ, சைலன்சர் துப்பாக்கி வாயத்தான் பொத்தும்,” என்றாள் மீராம்பீவி. “குண்டு காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போற சத்தத்த அது ஒண்ணும் செய்யாது.”

“அது கிடக்கட்டும். அதனால என்ன?”

அவள் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தாள். சைலன்சரின் கழுத்தில் சிவப்பு நூலில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. காய்ந்து, சுருங்கி, கறுத்துப் போயிருந்தது.

“இது எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?”

“கண் படாம இருக்கக் கட்டுனது.”

“யாரு கண்ணு?”

அணைந்தபெருமாள் கூரையைப் பார்த்தார்.

அவள் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“எங்க அறுக்கணுமோ அங்க வைங்க.”

அவர் வைத்தார். ஒரு விரல் தள்ளி வைத்தார். மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்தார்.

“அங்க ஏன்?”

“சட்டுன்னு திரும்பத்தான்.”

“மறைஞ்சு நின்னு சுடுத ஆளு எதுக்குச் சட்டுன்னு திரும்பணும்?”

அவர் ரம்பத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

“அதுக என் மேல வருது தாயி.”

“எதுக?”

“முன்னாலெல்லாம் வெடிச்சா மூலைக்கு ஒண்ணாச் சிதறும். இப்ப அப்படி இல்ல. நான் சுடுதேன். ஒண்ணு விழுது. மிச்சம் அத்தனையும் திரும்பி நேரா நான் நிக்கிற இடத்துக்கு வருது. கத்துறதுகூட இல்ல. ஒரு பெட்டைப் பன்னி என் முழங்காலுக்கு முன்னால வந்து நின்னுச்சு. அது மூச்சு என் கால்ல பட்டுச்சு. என் முகத்தையே பாத்துச்சு. பொறவு ஒதுங்கிப் போச்சு.”

“பூவுலிங்கத்துக்கு ஒதுங்கலையே.”

பூவுலிங்கம் அணைந்தபெருமாளின் தங்கை கணவர். வேட்டைக்குத் துணை வருபவர். போன வேட்டையில் அவருக்குப் பின்னால் நின்றவரின் தொடையைப் பன்றியின் கோரைப்பல் கிழித்துவிட்டது.

“காலை எடுக்கணுமான்னு டாக்டர் இன்னும் சொல்லல,” என்றார் அணைந்தபெருமாள். “இப்ப அவன் தம்பி துணைக்கு வாறேன்னு நிக்கான். நாளைக்கு மேட்டுக்காட்டுல பன்னி இறங்குமாம். என் தங்கச்சி என்னப் பாத்து ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருக்கிறதுதான் தாங்கல. அந்தப் பயலக் கூட்டிட்டுப் போகவா, வேண்டாமா?”

“குழலை அறுத்துட்டாக் கூட்டிட்டுப் போயிரலாமாக்கும்?”

அவர் குரல் இறங்கியது. பட்டறையில் வேறு யாருமில்லை. ஆனாலும் இறங்கியது.

“சாவு வீட்டுல வேட்டு எதுக்குப் போடுதோம்? போனது திரும்பி வராம இருக்கத்தான. இத்தனை வருசமும் என் துப்பாக்கியே அதுகளுக்கு வேட்டுப் போட்டு அனுப்பிச்சு. இப்ப நான் வேட்டு இல்லாம அனுப்புதேன். போனதெல்லாம் திரும்பி வருது தாயி. உசுரோட இருக்கிறதுக உடம்புல ஏறிக்கிட்டு வருது. நான் எங்க நிக்கேன்னு உசுருள்ள பன்னிக்கு எப்படித் தெரியும்? செத்ததுக்குத்தான் தெரியும்.”

மீராம்பீவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சிவப்பு நூலை அறுத்தாள். எலுமிச்சையை முகர்ந்து பார்த்துவிட்டு அவருடைய சட்டைப் பையில் போட்டாள்.

“வாங்க. துப்பாக்கியச் சோதிக்கணும்.”

பட்டறைக்குப் பின்னால் ஒரு வறண்ட ஓடை. இரு பக்கமும் ஆள் நுழைய முடியாத முள். ஒரு கோடியில் செங்குத்தான பாறை. மறு கோடி வளைந்து, புங்கமர நிழலுக்குள் மறைந்தது. நல்ல உச்சிப்பொழுது. ஊரில் அந்த நேரத்தில் கர்ப்பிணிகளை வெளியே விடமாட்டார்கள்.

“பாறைக்கு இந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

“நான் எதுக்கு?”

“பன்னி வேணும்லா.”

“குண்டு?”

“உங்க தலைக்கு மேல ஒரு பனை உயரத்துல போய்ப் பாறையில அடிக்கும். உங்க மேல படாது. பன்னிக்கு இந்த உறுதிய யாரும் குடுத்ததில்ல.”

“நீ எங்க நிப்ப?”

“பன்னி அதக் கேக்காது.”

“அங்க உக்காந்து என்ன செய்ய?”

“கோரைக்கிழங்கு தோண்டுங்க.”

குரு சொன்னால் செய்வதுதான் சீடனுக்கு அழகு என்று நூல்கள் சொல்கின்றன. காக்கிக் கால்சட்டையோடு மண்ணில் மண்டியிட்டுக் கிழங்கு தோண்டுவது அழகா என்று எந்த நூலும் சொல்லவில்லை. அணைந்தபெருமாள் ஒரு குச்சியை எடுத்துத் தோண்டத் தொடங்கினார்.

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். பாறைதான் நின்றது.

இலை அசையவில்லை. பறவை கத்தவில்லை. நிழல் காலடியில் ஒடுங்கியது.

ஒரு கிழங்கு வந்தது. மண் வாசனையோடு ஈரமாக இருந்தது. அடுத்தது இன்னும் ஆழத்தில் இருந்தது. குச்சி முறிந்தது. விரலால் தோண்டினார். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. துப்பாக்கி மறந்து போயிற்று. மேட்டுக்காடு மறந்து போயிற்று. மீராம்பீவி என்று ஒருத்தி இருப்பதே மறந்து போயிற்று. மண்ணும் கிழங்கும் அவருடைய மூச்சும் மட்டும் இருந்தன.

அப்போது கேட்டது.

வெடிக்கு ஒரு வாய் உண்டு. அது எங்கிருந்து பேசுகிறது என்று காது சொல்லிவிடும். இதற்கு வாய் இல்லை. காய்ந்த பனையோலையை ஒரே இழுப்பில் கிழித்தது போல, பின்னால், பாறைப் பக்கம், வெகு அருகில்.

அவர் எழவில்லை. உடம்பு எழுந்தது. மூன்று வருடமாகப் படியேற மறுத்த முழங்கால்கள் கற்களைத் தாண்டின. பின்னால் ஏதோ இருந்தது. அது என்னவென்று பார்க்கிற துணிவு எந்த உறுப்புக்கும் இல்லை. முன்னால் சத்தம் இல்லை. முன்னால் நிழல் இருந்தது, பச்சை இருந்தது, அமைதி இருந்தது. உலகத்தில் அந்த ஒரு திசைதான் நல்ல திசை. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். கத்தத் தோன்றவில்லை. கத்த மூச்சும் இல்லை. முள் கன்னத்தைக் கீறியது. ஓடினார்.

ஓடை வளைந்தது. அவரும் வளைந்தார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம், நடுவில் துளை. அதற்குப் பின்னால் தடித்த சைலன்சர். அதற்கும் பின்னால் நீளக் குழல். கடைசியில் புங்கமரத்தில் சாய்ந்து நின்ற மீராம்பீவி. அவளுடைய ஒரு கண் மூடியிருந்தது. மற்றது அவரைப் பார்த்தது.

சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாவை வெளியே எடுத்து அவள் இடது கையில் வைத்திருந்தாள். அது அவர் கண்ணில் பட்டது. ஆனாலும் அவர் ஓரடி பின்வாங்கினார்.

அவள் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை.

“என்ன அண்ணாச்சி,” என்றாள், “இப்படி என் மேல பாஞ்சு வாறீய?”

அவர் மூச்சு வாங்கினார். முழங்கையில் மண், கன்னத்தில் ரத்தம்.

“உம் மேல வரல தாயி. பின்னால கேட்ட சத்தத்துக்குத் தப்பிச்சுப் போயிட்டு இருந்தேன்.”