வாழையிலைப் பொட்டலம்

பெரியநாயகி அம்மையின் வைத்திய மடத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை சிதம்பரநாதனுடையது. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி வந்து சேர்ந்தவர். குருவான அம்மையைவிட அவருக்கு இருபது வயது அதிகம்.

அன்று காலை அவர் குருவிடம் கேட்டார்.

“மனசுல இருக்கிற அழுக்க எப்படிம்மா அகற்றுறது?”

“நேத்துக் குப்பைய என்ன செஞ்சீங்க?”

“வழக்கம்போல இலையில கட்டி வாளியில போட்டுட்டேன்.”

சொல்லும்போதே அவருக்குக் கொஞ்சம் பெருமை. பிளாஸ்டிக் பையை மடத்து வாசற்படி ஏற அவர் விட்டதில்லை. காய்கறித் தோலானாலும் கட்டுத் துணியானாலும் வாழையிலைக்குள்தான். மேலே நாரால் ஒரு முடிச்சு.

அம்மை எழுந்து கொல்லைப்புறம் போனார். சிதம்பரநாதன் பின்னாலேயே போனார். குப்பை வண்டி வரும் நேரம். அம்மை வாளியின் முன் உட்கார்ந்து மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். கத்தரிக்காய்க் காம்புகள். அடுத்ததில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை.

சிதம்பரநாதனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று மூன்று பேருக்குப் புண்ணைச் சுற்றி மழித்துக் கட்டுப் போட்டிருந்தார். அந்த பிளேடுகளும் சீழ்த் துணியும் இந்த வாளிக்குள்தான் இருந்தன. எந்தப் பொட்டலம்? எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கட்டியவருக்கே தெரியவில்லை.

சொன்னால் குருவின் முன் மானம் போகும். அடுத்ததும் காய்கறியாக இருந்துவிடலாம்.

அம்மை மூன்றாவதை எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது. இலையைக் கிழிக்கக் கட்டைவிரலை நடுவில் வைத்து அழுத்தினார்.

“அம்மா, கைய எடுங்க.”

அம்மை எடுக்கவில்லை. “ஏன்?”

“பிளேடு இருக்கு. எதுலன்னு தெரியல. சீழ்த் துணியும் இருக்கு. எடுங்கம்மா.”

அம்மை பொட்டலத்தைத் தரையில் வைத்தார்.

“போன வாரம் செல்லக்கிளிக்கு விரல்ல கட்டுப் போட்டீங்களே, அந்த விரல் எப்படி வெட்டுப்பட்டுச்சாம்?”

செல்லக்கிளி குப்பை வண்டி தள்ளுபவள். விரல் வீங்கி, மூன்று நாள் காய்ச்சலோடு வந்திருந்தாள்.

“குப்பைய பிரிக்கிறப்போ என்னமோ கிழிச்சிருச்சுன்னு சொன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

சிதம்பரநாதன் தரையைப் பார்த்தார். “கண்ணத் தொறந்து பாத்துப் பிரிக்கக் கூடாதான்னு திட்டினேன்.”

கொல்லைக் கதவு திறந்தது.

“என்ன சாமி, இன்னைக்கும் கல்யாண வீட்டுப் பொட்டலம் மாதிரி கட்டி வச்சிருக்கியளா? பிரிக்கவே மனசு வர மாட்டேங்குது.” செல்லக்கிளி சிரித்துக்கொண்டே வந்தாள். விரலில் அவர் போட்ட கட்டு அழுக்கேறி இன்னும் இருந்தது. வாளியைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்தாள்.

சிதம்பரநாதன் குருவின் பக்கம் திரும்பினார்.

“இவகிட்ட நான் என்னன்னும்மா சொல்றது?”

“எங்கிட்ட சொன்னதத்தான்” என்றார் அம்மை. “அவ வாளிக்குள்ள விடுறதும் கைதான்.”