சவேரியம்மாவும் சண்டைக்காரக் கிருமியும்

ஒரு ஊர்ல ஒரு சவேரியம்மா இருந்தா. எந்த ஊருன்னு கேக்காதே, பாம்பனுக்கு இந்தப் பக்கம், அலை சத்தம் கேக்கிற வீடு, அது போதும். அவளுக்குப் பாசி எடுக்கிற வேலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, விரல் பூரா துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பையைக் கட்டிக்கிட்டு தொபுக்கடீர்னு கடலுக்குள்ள முங்குவா. ஒரு மூச்சுக்கு ஒரு கைப்பிடி பாசி. ஆனா வேரோட பிடுங்க மாட்டா. மேல கிள்ளிக்கிட்டு, வேரைப் பாறைக்கே விட்டுடுவா. அப்பத்தானே மறுபடி முளைக்கும்?

ம் கொட்டு. நீ கொட்டலேன்னா அவ தண்ணிக்குள்ளயே இருப்பா, மூச்சு முட்டும் பாவம். ஆங், அப்படி. இப்ப மேல வந்துட்டா.

அப்புறம் ஒரு நாள், ஆடி மாசம், கால் வழுக்கிப் பாறை சரக்குன்னு உள்ளங்காலைக் கிழிச்சிடுச்சு. மஞ்சள் வச்சா, ஆறல. மாசம் ஒண்ணு ஆச்சு, ஆறல. ஆஸ்பத்திரிக்குப் போனா. டாக்டர் ஒரு மருந்து கொடுத்தாரு, புண்ணுக்குள்ள இருந்த கிருமி கிக்கிக்கின்னு சிரிச்சுது. வேற மருந்து கொடுத்தாரு, கிருமி சோம்பல் முறிச்சுது. மூணாவதா ஊசியே போட்டாரு, அதையும் தின்னுட்டு ஏவ்வுன்னு ஏப்பம் விட்டுது. டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு, கிறிஸ்மஸ் வரைக்கும் பார்ப்போம், அதுக்குள்ள ஆறலேன்னா காலை எடுக்கணும்னு சொல்லிட்டாரு. கால் போனா கடலும் போச்சு. கூட்டாளிங்க எல்லாம் கடலுக்குப் போக, இவ மட்டும் கரையில உக்காந்து மண்ணைக் கிளறிக்கிட்டிருந்தா. வயித்தெரிச்சலா இருந்துச்சு அவளுக்கு.

அப்போ ஹமீதான்னு ஒரு பொண்ணு வந்தா. லேப்ல வேலை, கடல்ல மருந்து தேடுற வேலை. கடல்ல யாருமே கிட்டப் போகாத பொருள் ஏதாவது இருக்கான்னு பொம்பளைங்ககிட்ட கேட்டா. என் மாமியாருன்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. சவேரியம்மா மட்டும் சிரிக்கல. மூணாவது பாறையில ஒரு மஞ்சக் கடல்பஞ்சு இருக்கு, சிப்பி படகைக் கூட விடாம ஒட்டும், அது மேல மட்டும் ஒட்டாது, மீன் கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிடும்னு சொன்னா.

கடல்பஞ்சும் ஒரு உசிரு, அதை யாரும் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல, ஹமீதா அதுக்கு முறையா அனுமதிக் காகிதம் வாங்கினா. அப்புறம் வள்ளத்துல சவேரியம்மா காலைத் தூக்கி வச்சு உக்காந்துக்கிட்டு வழி காட்ட, ஹமீதா முங்கினா. "நகத்தளவு கிள்ளும்மா, வேரைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்"னு சவேரியம்மா மேல இருந்து கத்தினா. நகத்தளவுதான் கிள்ளினா.

இதுல ஒரு ரகசியம். மருந்து பஞ்சுகிட்ட இல்ல. பஞ்சு வீட்டுக்காரன். உள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக் கிருமிங்க குடியிருக்கு, நல்ல கிருமிங்க. வாடகை என்ன தெரியுமா? திருடன் வந்தா விரட்டணும், அவ்வளவுதான்.

ம்?

அப்புறம் ஹமீதா என்ன பண்ணினா, சுத்தக்காரி இல்லையா, கிள்ளின துணுக்குல கொஞ்சத்தைக் குடிதண்ணியில கழுவினா. கடல்ல பொறந்தது நல்ல தண்ணியைத் தாங்குமா? குட்டிக் கிருமி எல்லாம் பொட்டு பொட்டுன்னு செத்துப் போச்சு. ரெண்டாவது தடவை மிச்சமிருந்த துணுக்கை எடுத்து, ருசியா கொழுகொழுன்னு கஞ்சி ஊத்தினா. தின்னுட்டுப் புஸ்ஸுன்னு உப்பிப் போய், கல்யாண வீட்டுல பந்தி முடிச்ச மாமா கணக்கா சும்மா கிடந்துச்சு. மூணாவது தடவை கடல்தண்ணி, நீர்த்த கஞ்சி, ஒரு கண்ணாடித் தட்டுல தனியா வச்சு மூடினா. நல்லா வளர்ந்துச்சு. ஆனா மருந்து ஒரு சொட்டு இல்ல. இங்க புண்ணு கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு.

அப்போ சவேரியம்மா நொண்டி நொண்டி லேப்புக்கே வந்துட்டா. தட்டைப் பாத்தா. ஏன் தனியா வச்சிருக்கேன்னு கேட்டா. ஒரு தட்டுக்கு ஒரு ஜாதிக் கிருமிதான், வேற எதுவும் கலக்கக் கூடாது, அதான் எங்க முறைன்னு ஹமீதா சொன்னா.

"திருடனே வராத வீட்டுல நாய் எதுக்கும்மா குலைக்கும்?"னு கேட்டா சவேரியம்மா. "என் கால்ல இருக்கிறவனை எடுத்து இது பக்கத்துல வையி."

ஹமீதா நாக்கைக் கடிச்சுக்கிட்டா. படிச்சதை எல்லாம் ஓரமா வச்சுட்டு, புண்ணுல இருந்து கெட்ட கிருமியைத் துணியால ஒத்தி எடுத்து, பக்கத்துல வச்சா. ஒரு நாள், ஒண்ணுமில்ல. ரெண்டு நாள், கெட்ட கிருமி கிடுகிடுன்னு கிட்ட வந்துச்சு. மூணாம் நாள் பாத்தா, குட்டிக் கிருமியைச் சுத்தி வட்டமா ஒரு வெட்டவெளி. கோட்டையைச் சுத்தி அகழி கணக்கா. கெட்டவன் ஒரு அடி உள்ள வைக்க முடியல. அந்த வட்டத்துலதான் இருந்துச்சு மருந்து. ஹமீதா தட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா.

அப்புறம் அதைப் பிரிச்சு, வடிச்சு, எலிக்குக் கொடுத்து, முயலுக்குக் கொடுத்து, பெரிய பெரிய டாக்டருங்க தலையை ஆட்டி ஆட்டிப் பேசி, கார்த்திகையே முடிஞ்சுபோச்சு. மனுஷங்கள்ல முதல்ல யாருக்குன்னு கேட்டாங்க. சவேரியம்மாவுக்குப் பயம்தான். ஆனாலும் சொன்னா: "கிருமி என் காலு கொடுத்தது. மருந்து என் கடல் கொடுத்தது. வேற யாரைக் கேக்குறீங்க?"

மருந்து போட்ட முதல் நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாள் காய்ச்சல், ஜெபமாலையை விடவே இல்ல. மூணாம் நாள் காலையில உள்ளங்கால் அரிச்சுது. நமநமன்னு அரிப்பு. ஆறுற புண்ணுதானே அரிக்கும்? ஒரு அரிப்புக்கு அப்படிச் சிரிச்சு, அப்படி அழுதவ உலகத்துலயே அவ ஒருத்திதான். கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு ரெண்டு காலாலயும் நடந்து போனா.

அப்புறம் ஒரு நாள் பழையபடி விரல்ல துணியைச் சுத்தி, தொபுக்கடீர். பாசிகிட்டப் போகல. நேரா மூணாவது பாறைக்குப் போனா. கடல்பஞ்சுல கிள்ளின இடத்தைத் தேடினா. பள்ளமே இல்ல, தூர்ந்துபோய் இளசா புதுத்தோல் மூடியிருந்துச்சு. தன் உள்ளங்காலைத் திருப்பிப் பாத்தா. இங்கேயும் அதே மாதிரி புதுத்தோல். காலை மெதுவா அது பக்கத்துல வச்சுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு அப்படியே இருந்தா.

ம்?

ம் சொல்லு தங்கம், அவ மேல வரணும்ல?

...சரி சரி, நீ தூங்கு. நானே ம் கொட்டிக்கிறேன். ம். அவ மேல வந்துட்டா, மூச்சு விட்டுட்டா. வேரு பாறையில, கதை உன் காதுல, கண்ணு ரெண்டும் தூக்கத்துல.