நாற்பத்து மூன்று பெட்டிகள்

செம்பாறைக் குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தும் சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கோ அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். வேலைதான் ஓய்ந்தது, மனுஷன் ஓயவில்லை. எதைப் பார்த்தாலும் நீளம், அகலம்.

மடத்துக்கு வந்த இடத்தில் அவரை ஒரு விளையாட்டு பிடித்துக்கொண்டது. எங்காவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தைச் செல்போனில் பதிய வேண்டும். ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். விளையாட்டை நடத்துகிறவர்கள் சரிபார்ப்பது ஒரே ஒரு விதி. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நூற்றறுபது மீட்டராவது இடைவெளி வேண்டும். முதலில் வைத்தவருக்கே இடம்.

விடுவாரா மனுஷன்! கட்டம் கட்டமாக வைத்தால் குன்றில் முப்பத்தேழு பெட்டிதான் அடங்கியது. எல்லாவற்றையும் பிடுங்கி, தேனடைபோல வரிசையை மாற்றி வைத்தார். நாற்பத்து மூன்று. ஜில்லாவிலேயே ஒரு மலையில் இத்தனை பெட்டி வைத்தவர் கிடையாது. அவருக்கு அடுத்தவன் வேறொரு மலையில் நாற்பத்திரண்டோடு நிற்கிறான். பெருமை தாங்காமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை சாமியிடம் போய் நின்றார்.

“சாமி, இன்னும் ஒரே ஒரு பெட்டிக்கு இந்த மலையில இடம் இருக்கா?”

“எனக்கென்ன தெரியும்? அடுக்களையில கேளுங்க.”

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தார். இருந்தாலும் போனார். சமையல் பார்க்கும் செண்பகவடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு வருஷமாக மூன்று வேளையும் அவருக்குச் சோறு போடுகிறவள். விஷயத்தைச் சொன்னதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓர் எவர்சில்வர் சம்புடத்தை எடுத்தாள். உள்ளே ஒரு புது நோட்டு, ஒரு பென்சில்.

அவள் மகன் இசக்கிராஜ் குவைத்தில் இருக்கிறானாம். அங்கே அவனுக்கும் இதே பைத்தியம். நாலு வருஷம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வருகிறான், நாலே நாள் லீவு. அம்மா வைத்த பெட்டியை அவன் ஒரு தடவை தேடி எடுக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. முட்டி வலியோடு இருபது நாளாய்க் குன்றில் ஏறி இறங்கியிருக்கிறாள்.

“சுனைகிட்ட வச்சேன், ஆகாதுன்னுட்டாங்க. உச்சியில வச்சேன், அதுவும் ஆகாது. எங்க வச்சாலும் சார் பெட்டி பக்கத்துல இருக்குன்னு திருப்பி அனுப்பிடுறாங்க சார்.”

கோமதிநாயகத்துக்குப் பகீரென்றது. நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் மகன் பெயரை மட்டும் எழுதி, கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தாள். எங்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்டதற்கு, சாருக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று தனக்குத் தெரியாதா என்றாள். நோட்டை மெல்ல மூடி அவளிடமே கொடுத்தார்.

ஆனாலும் பாருங்கள், புத்தி எங்கே போகும்? சாமியிடம் திரும்பி வருவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். ஒரு பெட்டியை எடுத்தால் அடுத்தவனும் தானும் சமம்.

“பாவமாத்தான் இருக்கு சாமி. ஆனா விதிப்படி முதல்ல வச்சது நான்தானே?”

சாமி எழுந்து பந்திக் கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று பௌர்ணமி. மலை ஏறி இறங்கிய கூட்டம் பசியோடு வாசலில் நின்றது. கோமதிநாயகம் வழக்கம்போல் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தார். சாமி தன் கையாலேயே அவருக்கு இலை போட்டார். பக்கத்தில் இன்னொன்று போட்டார். கூடம் முழுக்கப் போட்டு, ஒவ்வொன்றிலும் சோறு வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், எல்லாம் ஒருவருக்கே, முதலில் வந்தவர் அவர்தான், நீங்கள் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வந்தவர்கள் திகைத்துப் போனார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி கோமதிநாயகத்தையே வெறித்துப் பார்த்தாள். சாம்பார் வாளியோடு செண்பகவடிவு நடுவில் நின்றாள், எந்த இலைக்கு ஊற்றுவதென்று தெரியாமல்.

எண்ணாமல் இருக்க கோமதிநாயகத்தால் முடியுமா? நாற்பத்து மூன்று இலை.  பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“சாமி, நான் ஒருத்தன். எனக்கு எதுக்கு இத்தனை?”

சாமி குனிந்து, அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

“அதை நீங்கதான் சொல்லணும். எந்த இலை வேணும்னு காட்டுங்க. மத்ததுல அவங்களை உட்காரச் சொல்றேன்.”