குழாய்க்கு மேலே

சீடர் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். அரங்கநாயகத்துக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்குக் குருவாக வாய்த்த தணிகாசலத்துக்கு நாற்பதுதான். ஓடைக்கரையில் பஞ்சர் கடை. அவரவர் கொடுப்பினை, நாம் என்ன சொல்வது.

அன்று காலை அரங்கநாயகம் வெள்ளைத் துணி கட்டிய கலயத்தோடு கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே அவருடைய அம்மாவின் அஸ்தி.

"கடலுக்கெல்லாம் வேண்டாம், நம்ம ஓடையிலேயே கரைச்சிடுன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிட்டாங்க சாமி. கல்யாணமாகி வந்த புதுசுல குளிச்ச தண்ணியாம். இப்போ இது சாக்கடை. இதுல எப்படிப் பெத்தவளைக் கரைப்பேன்?"



தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நல்ல தண்ணி எங்கே இருக்குன்னு பார்ப்போம். வாங்க."

தண்ணீர் வரும் திசையை நோக்கிக் கரையோரமாகவே நடந்தார்கள்.

குடிசைப் பகுதியில் ஒருத்தி லாரித் தண்ணீரில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "இந்த ஓடையால பிள்ளைக்குக் கால் முழுக்கச் சொறி. எல்லாம் மேலேருந்து வருதுங்க," என்றாள்.

அடுத்த தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த வந்தவரும் ஓடையின் மேல்பக்கம்தான் கை காட்டினார்.

"மனுஷங்களா சாமி அவங்க? நல்லா இருப்பாங்களா?" என்று சபித்தார் அரங்கநாயகம். அவர் குடியிருக்கும் நகர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்துவிட்டது.

நகரின் பின்சுவருக்கு அடியிலிருந்து தொடைப் பருமனில் ஒரு குழாய் ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், ஓடையின் அடிமணல் தெளிவாகத் தெரிந்தது.

"யார் வெச்சது?"

"செப்டிக் டேங்க் நிரம்பி வழிஞ்சுது சாமி. மழை விடற வரைக்கும்னு சங்கத்துல முடிவு பண்ணோம். நான்தான் செயலாளர்."

"எப்போ?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

அரங்கநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. குழாயைத் தாண்டிப் போய், தெளிந்த நீரில் இறங்கி, கலயத்தின் துணியை அவிழ்த்தார்.

"இங்கே சுத்தமா இருக்கு சாமி. இங்கேயே கரைச்சிடட்டுமா?"

"கரைங்க," என்றார் தணிகாசலம். "பத்தடி வரைக்கும் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் உங்க குழாயைத் தாண்டித்தான் அவங்க போகணும்."